மகள் மலை இறங்கிய சனிக்கிழமை

1

என் மகள் செத்துப்போய் இந்த மாசியோடு ஒரு வருடம்.

மகள் சுகமாக இருக்கிறாள். ஒஷாவாவில் பிசியோதெரபிஸ்ற் வேலை, அங்கேயே ஒரு சின்ன அப்பார்ட்மென்ற். ஞாயிற்றுக்கிழமைகளில் வோபர்னில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, ஃபிரிட்ஜைத் திறந்து, "அம்மா, இதுக்குள்ள ஒண்டுமே இல்லை" என்று குறை சொல்லி, அந்த ஒன்றுமில்லாததையெல்லாம் வழித்துத் துடைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போகிறாள். செத்த பிள்ளை செய்கிற வேலையா இது?

போன கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு தமிழ்க் கடைக்கு மீன் வாங்கப் போனேன். விளைமீனை வெட்டக் கொடுத்துவிட்டு நிற்கும்போது கோவில் பாடகர் குழுவில் பாடுகிற ஒரு பெண் வந்தார். பெயர் வேண்டாம், குரலும் அப்படி ஒன்றும் இல்லை. மகளை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார். பிறகு என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இவ சின்னவவோ? மூத்தவவை அப்பிடியே உரிச்சு வைச்ச மாதிரி."

"எனக்கு ஒரு பிள்ளைதான்" என்றேன்.

கையை விட்டுவிட்டார். "அப்ப, அந்த மலையிலை…"

"அதிலையிருந்து இறங்கி வந்திட்டாள்."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. சந்தோஷத்தில் இல்லை. "எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே! நான் ஆத்துமத்துக்கெண்டு பூசை வேறை ஒப்புக்குடுத்தனான்."

"தாங்க் யூ, அன்ரி" என்றாள் என் மகள் ஷெரின்.

ஒருத்தி செத்துவிட்டாள் என்றால் அரை மணித்தியாலத்தில் ஸ்காபரோ முழுக்க வட்ஸ்அப் போகிறது. சாகவில்லை என்றால் அதை யார் அனுப்புவது? மெழுகுதிரிப் படம் எல்லோரிடமும் இருக்கிறது, மெழுகுதிரியை ஊதி அணைக்கிற படம் ஒருவரிடமும் இல்லை. அதனால் இந்த ரொறன்ரோவில் என் பிள்ளை இன்னும் எத்தனை பேருக்குச் செத்துப்போயிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

2

ஊரில் இருக்கிற உங்களுக்கு இதை விளங்கப்படுத்துவது கஷ்டம். எனக்கே சரியாக விளங்கவில்லை.

காலில் இரண்டு நீளப் பலகை கட்டிப் பனியில் சறுக்குவதற்கு ஸ்கீயிங் என்று பெயர். ஒழுங்கான சனம் அதற்கென்று திருத்தி வைத்த மலைக்குப் போகும். கதிரையில் உட்கார்ந்தால் கம்பி இழுத்துக்கொண்டு மேலே விடும். சறுக்கி இறங்கலாம், கீழே கோப்பி குடிக்கலாம். இது போதாதென்று நினைக்கிற இன்னொரு கூட்டம் இருக்கிறது. கம்பி இல்லாத, வேலி இல்லாத, மனிசர் இல்லாத மலையில் தாங்களே ஏறித் தாங்களே இறங்குவார்கள். பாக்கன்றி ஸ்கீயிங். ஏறும்போது வழுக்காமல் இருக்கப் பலகைக்கு அடியில் உரோமத் துணி ஒட்டுகிறார்கள். இறங்கும்போது அதை உரித்துப் பைக்குள் வைக்கிறார்கள், ஏனென்றால் இறங்கும்போது வழுக்க வேண்டுமாம்.

அதிலும் என் மகளுக்குச் சாதாரண சரிவு பிடிக்காது. மலை உச்சியில் இரண்டு பாறைச் சுவருக்கு நடுவே ஒரு வெடிப்பு இருக்கும். ஒரு லொறி நுழையாத அகலம். அதற்குள் பனி நிரம்பிக் கிடக்கும், இடையிடையே பாறைகள் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். எங்கள் பேஸ்மென்ற் படியைவிடச் செங்குத்து. அதற்கு 'லைன்' என்று பெயர் வைத்து, அதற்குள்ளால் இறங்குவதைப் பொழுதுபோக்கு என்கிறார்கள். நெஞ்சில் ஒரு கருவி கட்டியிருப்பார்கள். எதற்கு என்று கேட்டேன். பனி சரிந்து மூடினால் மற்றவர்கள் தேடிக் கிண்டி எடுப்பதற்காம். முதுகுப் பையில் மண்வெட்டியும் இருக்கிறது. தேடுகிற சாமானையும் தோண்டுகிற சாமானையும் தாங்களே சுமந்துகொண்டு போகிற பொழுதுபோக்கு உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது?

ஷெல்லுக்கும் பொம்பருக்கும் தப்பி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர்காவற்றுறையை விட்டு வெளிக்கிட்டவர்கள் நாங்கள். பத்திரமான நாட்டில் பிள்ளையைப் பெற்று, வாசலுக்குப் போகவே தொப்பியும் கையுறையும் மாட்டி வளர்த்தோம். பிள்ளை லீவு போட்டு, பிளேன் ஏறி, ஆபத்து எங்கே இருக்கிறது என்று ரொக்கி மலையில் தேடுகிறாள். ஸ்காபரோவில் ஆபத்துக்குத் தட்டுப்பாடாக்கும்.

கொஞ்சக் காலம் எங்களுக்கு அவள் சொன்னது 'கொன்பரன்ஸ்'. மாசி மாதம் கொன்பரன்ஸ், பங்குனியில் இன்னொரு கொன்பரன்ஸ். இவர் (என் கணவரைத்தான் சொல்கிறேன்) கோவிலில் எல்லோருக்கும் பெருமையாகச் சொல்லுவார்: "மகளை எல்லா இடமும் கூப்பிடுறாங்கள்." கொன்பரன்சுக்குப் போன பிள்ளை முகமெல்லாம் கறுத்து, கண்ணைச் சுற்றி மட்டும் கண்ணாடி வடிவத்தில் வெளுத்துப்போய் வந்தால், பெற்றவளுக்கு விளங்காதா? ஆனால் கேட்டால் பொய் சொல்லுவாள். இன்னொரு பொய்யைக் கேட்க எனக்கு விருப்பமில்லை.

நத்தார் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அவள் தகப்பனிடம் உண்மையைச் சொன்னாள். மேசையில் இரண்டு பேரும் இருந்தார்கள். நான் குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.

"அப்பா, இதுக்கு ஒரு ரூல் இருக்கு. வீட்டிலை ஒராளுக்கு எல்லா டீற்றெய்லும் தெரிஞ்சிருக்கோணும். எந்த மலை, எந்த லைன், ஆரோடை போறன், எத்தினை மணிக்குள்ளை மெசேஜ் வரும் எண்டு. வரேல்லையெண்டால் ஒரே ஒரு நம்பருக்குத்தான் கோல் பண்ணோணும், ரெஸ்கியூவுக்கு. வேறை ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது. ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்" என்றார் இவர், பாராளுமன்றத்தில் சத்தியப்பிரமாணம் எடுக்கிற மாதிரி.

"அம்மாட்டை மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. ஹோல் ஸ்காபரோவுக்கும் தெரிஞ்சிடும்."

அது என்னைச் சுட்டது. இப்போது நினைத்தாலும் சுடுகிறது. வயிற்றில் சுமந்தவள் நான், காய்ச்சலுக்கு விழித்திருந்தவள் நான், பிள்ளை நம்பினது இவரை! இவருடைய வாயில் எந்த இரகசியம் தங்கியிருக்கிறது? என்னுடைய வாயைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? இவர் கார் லைசென்ஸ் சோதனையில் விழுந்து விழுந்து எழும்பின கதை இவருடைய சொந்தத் தமையனுக்கே இன்றுவரை தெரியாது. இதை வாசித்தால்தான் தெரியும். வாசிக்கமாட்டார்.

ஒளித்து நின்று கேட்டாயா என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் குசினிக்குக் கதவு இல்லை. இந்த நாட்டில் வீட்டை அப்படித்தான் கட்டுகிறார்கள்.

3

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை. இரவு எட்டு மணிக்குள் மெசேஜ் வரவேண்டும். ரொறன்ரோ நேரம். அப்பா மணித்தியாலம் கூட்டிக் கழித்துக் குழம்புவார் என்று அவளே கணக்குப் பார்த்துச் சொல்லியிருந்தாள்.

காலையில் இருந்தே இவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடை. குளியலறைக்கும் போனோடு. "என்னப்பா?" என்று கேட்டேன். "ஒண்டுமில்லையே, ஏன்?" என்றார். கள்ளன் கூட இவ்வளவு கள்ள முழி முழிக்கமாட்டான். நானும் தெரியாதவள் மாதிரி மீன் குழம்புக்குப் புளி கரைத்தேன். கை என்னவோ கரைத்தது, மனம் முழுக்க அந்தப் பாறை வெடிப்புக்குள்தான் இருந்தது.

பின்னேரம் இவருடைய தமையன் அருளப்பு அண்ணை போன் எடுத்தார். கராஜ் கதவு திறக்குதில்லை என்று சொல்ல எடுத்தவர்.

"என்னடா, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?"

அவ்வளவுதான். இவருடைய ப்ராமிஸ் அதற்கு மேல் தாங்கவில்லை. "அண்ணை, உங்களுக்கு மட்டும் சொல்லுறன்" என்று தொடங்கினார். எட்டு மணிக்கு மெசேஜ் வராவிட்டால் ரெஸ்கியூவுக்கு அடிக்க வேண்டும் என்று இவர் சொன்னது, அண்ணையிடமிருந்து அவருடைய மனைவி பிலோமினா அக்காவிடம் போகும்போது 'மெசேஜ் வரேல்லையாம்' என்று ஆனது. பிலோமினா அக்காவிடமிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும்போது 'பனிக்குள்ளை காணேல்லையாம்' என்று ஆனது. மார்க்கம் நகரத்துக்குப் போய்ச் சேரும்போது உடம்பே எடுத்தாகிவிட்டது.

எட்டு மணி ஆக இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. அதற்குள் வாசலில் சப்பாத்து நிரம்பிவிட்டது. சின்னச் சப்பாத்து, பெரிய சப்பாத்து, பனிச் சேறு ஒழுகுகிற பூட்ஸ். பெல் அடிக்கும், கதவைத் திறப்பேன், ஒருத்தி என்னைக் கட்டிப்பிடித்து அழுவாள். "என்ன நடந்தது?" என்று நான் கேட்பேன். "நீங்கள் தைரியமா இருக்கோணும்" என்று அவள் சொல்லுவாள். நான் அதுவரைக்கும் தைரியமாகத்தான் இருந்தேன்.

பிலோமினா அக்கா பாணும் பருப்பும் ஒரு பெரிய ஃபிளாஸ்க் தேத்தண்ணியுமாக வந்தார். வந்தவர் என்னிடம் வரவில்லை. நேரே குசினிக்குப் போனார், என் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்த அடுப்பை நிற்பாட்டினார்.

"ஒண்டும் சமைக்காதை, பிள்ளை. நாங்கள் எல்லாம் கொண்டந்தனாங்கள்."

உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எந்த வீட்டில் அடுப்பு எரியாது, எந்த வீட்டுக்கு அயலவர் சாப்பாடு கொண்டுபோவார்கள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த சுவிட்ச் டக்கென்று திரும்பின சத்தத்தில்தான் நான் இவரைத் தேடத் தொடங்கினேன். என் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாமல் இவருக்கு மட்டும் ஏதும் தெரியுமோ என்று பயம் பிடித்துக்கொண்டது. தேடினால் மனிசன் பேஸ்மென்றில் மடக்குக் கதிரைகளைத் தூசி தட்டிக்கொண்டிருக்கிறார், வந்த ஆட்கள் இருக்க வேண்டுமே!

மேலே அக்கா செபமாலை தொடங்கிவிட்டார். சனிக்கிழமைக்குச் சந்தோஷ தேவ இரகசியம்தான் சொல்ல வேண்டும், முதல் நன்மை எடுத்த பிள்ளைக்கும் தெரியும். அக்கா துக்க தேவ இரகசியத்தை எடுத்தார். ஒருவரும் திருத்தவில்லை. எல்லோரும் ஏகமனதாக என் பிள்ளையை அடக்கம் செய்துகொண்டிருந்தார்கள். இடைவெளியில் ஒருத்தி மெதுவாகச் சொன்னதும் கேட்டது: "நேரத்துக்குக் கட்டிக் குடுத்திருந்தால் இப்பிடி வந்திருக்குமோ?" கட்டிக் கொடுத்தால் மலை தட்டையாகிவிடும் போல.

நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். எட்டு தாண்டிவிட்டது.

மெசேஜ் இல்லை. வீடு நிறையச் சனம், செபம், தேத்தண்ணி, கதிரை. ஆனால் அடிக்க வேண்டிய அந்த ஒரு நம்பருக்கு ஒருவரும் அடிக்கவில்லை.

4

பேஸ்மென்றுக்கு இறங்கி இவருடைய கையிலிருந்து போனைப் பறித்தேன்.

"அடிச்சனீங்களோ?"

"அண்ணை சொன்னார், கொஞ்சம் பொறுத்துப் பாப்பம் எண்டு. பொலிசு அது இதெண்டு வந்தால் நாலு சனம் கதைக்குமெல்லே."

அந்த நாலு சனமும் அந்த நேரம் என் தலைக்கு மேலே நின்று என் தேத்தண்ணிக் கோப்பையில் குடித்துக்கொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு கதிரை போதாது. கோபத்தை வைத்துக்கொள்ள நேரமில்லாததால் வாஷிங் மெஷின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நம்பரை அழுத்தினேன். நத்தார் ஞாயிறு மேசையில் சொன்ன நம்பர் எனக்கு மனப்பாடம், பிறகு போவதற்கு முன் அவள் தகப்பனிடம் சொன்ன விவரங்களும்தான்.

எடுத்தது ஒரு பெண். அவசரப்படாத குரல். இந்த நாட்டின் கவுண்டர்களில் இத்தனை வருடம் நின்று, 'அந்தப் பத்திரம் கொண்டுவா, இந்த லைனில் நில்' என்று அலைந்து பழகினவள் நான். இவளும் முதலில் என்னுடைய விசா என்ன என்று கேட்பாள் என்று ஒரு கணம் நினைத்தேன். அவள் கேட்டது வேறு. எந்த மலை? எந்தப் பக்கம்? எத்தனை பேர்? என்ன நிற ஜக்கெற்? நெஞ்சில் கருவி இருக்கிறதா? எந்த வாகனம், எங்கே விட்டிருக்கிறார்கள்?

எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். மூன்று பேர். வடக்குப் பார்த்த வெடிப்பு. சிவப்பு ஜக்கெற். என் ஆங்கிலம் பயந்தால் தறிகெட்டுப்போகும், நேற்று இன்று எல்லாம் ஒன்றாகிவிடும். அன்றைக்கு மட்டும் மகளைப் பற்றி ஒரு சொல்லும் நேற்றுக்குப் போகாமல் பிடித்துக்கொண்டேன். ஷீ இஸ், ஷீ ஹாஸ், ஷீ இஸ் என்று அழுத்தி அழுத்திச் சொன்னேன். கடைசியில் அந்தப் பெண், "நீங்கள் சரியான நேரத்துக்கு அழைத்தீர்கள்" என்றாள். உடனே வேலையைத் தொடங்குகிறோம், போனுக்குப் பக்கத்தில் இருங்கள் என்றாள்.

மேலே வந்தேன். செபத்துக்கு நடுவால் நடந்து குசினிக்குப் போனேன். அடுப்பைத் திருப்பிப் போட்டேன்.

அக்கா செபமாலையோடு எழும்பி வந்தார். "பிள்ளை, என்ன செய்யிறாய்? இப்ப அடுப்பு மூட்டக் கூடாது."

"ஏன் கூடாது? என்ரை பிள்ளை செத்ததெண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?"

எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று தெரியாது. 'இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்' என்ற இடத்தில் செபம் நின்றுபோய், ஆமென் சொல்லவும் ஆளில்லை. நான் அகப்பையைப் போட்டுக் குழம்பைக் கிண்டிக்கொண்டு நின்றேன். அழுதுகொண்டுதான் கிண்டினேன், அதை ஒளிக்கவில்லை. மாதாவே, குழம்பு கொதிக்கிறதற்கு முதல் அவளுடைய குரலைக் கேட்கவேண்டும் என்று கேட்டேன். செபமாலை முழுக்கச் சொன்னவர்கள் கேட்காத ஒன்றைத்தான் கேட்டேன்.

குழம்பு கொதித்தது. ஒன்றும் வரவில்லை. குழம்பு வற்றத் தொடங்கிய பிறகுதான் போன் அடித்தது, வீடியோ கோல். சிவப்பு ஜக்கெற், காய்ந்த உதடு, கண்ணைச் சுற்றி அந்த வெள்ளை வட்டம்.

"அம்மாவா? அப்பா எங்கை? சொறி, சொறி, லேற் ஆயிட்டுது. எங்களோடை வந்த மெலனியின்ரை ஸ்கீ பாறையிலை அடிச்சுப் பிளந்திட்டுது, அவளைக் கயிறு கட்டித்தான் இறக்கினனாங்கள். அந்தச் சுவருக்குள்ளை இருந்து மெசேஜும் போகேல்லை…" அப்போதுதான் எனக்குப் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டிருந்த தலைகளைக் கண்டாள். பாதிப் பேர் செத்தவீட்டு வெள்ளை உடுப்பு. அவளுடைய முகம் மாறியது. "அம்மா… ஆர் செத்தது?"

"நீதான்" என்றேன்.

வந்த சனத்தைப் பற்றிக் குறையாகச் சொல்லக்கூடாது. சந்தோஷப்பட்டார்கள். ஆனால் துக்கத்துக்கென்று வெளிக்கிட்டு வந்தவர்களுக்கு அந்தச் சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அருளப்பு அண்ணை போனை வாங்கி, பெண் பிள்ளைகளின் ஒழுக்கம் பற்றி ஒரு நீண்ட பிரசங்கம் செய்தார். நெற்வேர்க் போய்விட்டது என்று அவள் சொன்னாள். பிறகு எல்லோரும் பாணையும் பருப்பையும், என்னுடைய மீன் குழம்பையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். சப்பாத்தைத் தேடுகிறபோது ஒருத்தி சொன்னாள், "குழம்புக்கு உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு."

ரெஸ்கியூவுக்குத் திரும்ப அடித்து, மகள் வந்துவிட்டாள் என்று சொன்னேன். அந்தப் பெண் சிரித்தாள். ஒருவரையும் ஒன்றும் ஏசவில்லை.

5

அடுத்த ஞாயிறு ஷெரின் வந்து தகப்பனோடு கதைக்கவில்லை. தகப்பன் அவளுக்காகக் கணவாய் மீன் வாங்கி வைத்திருந்தார், அதையும் தொடவில்லை. என்னிடம் வந்தாள்.

"ரெஸ்கியூவுக்கு நீங்களோ அடிச்சனீங்கள்? நம்பர் எப்பிடித் தெரியும்?"

"குசினிக்குக் கதவு இல்லை."

குசினியை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு ரீவியில் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினாள், தலைக்கவசத்தில் இருந்த கமராவில் எடுத்தது. இரண்டு பக்கமும் கறுத்தப் பாறை, நடுவில் ஒரு வெள்ளைத் துண்டு, அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. அவள் குதித்துக் குதித்துத் திரும்புகிறாள், ஒவ்வொரு தரமும் பனி உடைந்து அவளைத் தாண்டிக் கீழே ஓடுகிறது. ஓரிடத்தில் ஸ்கீ பாறையில் உரசுகிற சத்தம், பல்லைக் கூசவைத்தது. அவளுடைய மூச்சு மட்டும் கேட்கிறது. அந்த மூச்சு எனக்குப் பழக்கமானது, சின்ன வயதில் இழுப்பு வருகிறபோது காதை நெஞ்சில் வைத்துக் கேட்டது. மற்றவளின் ஸ்கீ பிளந்த இடத்தில் என் மகள் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். சுத்தத் தமிழில். நான் இவரைப் பார்த்தேன். இவர் சுவரைப் பார்த்தார்.

"இனிப் போகாதை" என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சொன்னால் மறுபடி கொன்பரன்ஸ் தொடங்கும். மலையைவிட எனக்கு அந்தக் கொன்பரன்ஸ்தான் பயம்.

"அடுத்த முறை என்னட்டைச் சொல்லிப்போட்டுப் போ" என்றேன்.

இந்த முறை என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போனாள். நேற்று, சனிக்கிழமை. என்னிடம் மட்டும். நேற்று அருளப்பு அண்ணையின் பேரப்பிள்ளைக்குப் பிறந்தநாள், பெரிய மண்டபத்தில். பாட்டு, பலூன், பஃபே. நான் பட்டுச் சீலையோடு, மடியில் ஹான்ட்பாக், அதற்குள் போன். இறுக்கிப் பிடித்திருந்ததில் விரல் விறைத்துவிட்டது. பிலோமினா அக்கா பக்கத்தில் வந்து இருந்தார்.

"எங்கை ஷெரின்? வரேல்லையோ?"

"கொன்பரன்ஸ், அக்கா."

"ஓம், ஓம், அவளை எல்லா இடமும் கூப்பிடுறாங்களாம்" என்றார் இவர், எனக்கு மற்றப் பக்கத்தில் இருந்து, பெருமையாக. இவருக்கும் அதுதான் தெரியும், மலையை அவள் விட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அக்கா கேக்கைப் பற்றி, மண்டபத்துக்காரனைப் பற்றி, யாரோ கட்டியிருந்த சீலையைப் பற்றி எல்லாம் சொன்னார். நான் எல்லாவற்றுக்கும் ஓம் போட்டேன். அகலம் ஒரு லொறி கூட இல்லை, வடக்குப் பார்த்த வெடிப்பு, இந்த முறை நீல ஜக்கெற். சாப்பாட்டுக் கோப்பையில் போட்ட சோறு அப்படியே ஆறிப்போய்க் கிடந்தது. ஒரு வாய் இறங்கவில்லை. ஒருவரிடமும் ஒன்றும் சொல்லமுடியாமல் இருப்பது எவ்வளவு பாரம் என்று அப்போதுதான் தெரிந்தது. இவர் போன வருடம் ஏன் உடைந்துபோனார் என்றும் கொஞ்சம் விளங்கியது. மன்னிக்கவில்லை, விளங்கியது.

இதை இப்படி வெட்டவெளிச்சமாக எழுதுகிறாளே என்று நீங்கள் பயப்படவேண்டாம். ஸ்காபரோவில் நான் எழுதுவதை ஒருவரும் வாசிப்பதில்லை, லைக் மட்டும் போடுவார்கள்.

கேக் வெட்டிக் கைதட்டுகிற சத்தத்தில் ஹான்ட்பாக் ஒரு தரம் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன்.

"இறங்கிட்டன் அம்மா. பசிக்குது."

"ஆர் அது?" என்றார் அக்கா, கழுத்தை நீட்டி.

"ஆரோ, ஏதோ விளம்பரம்" என்றேன். கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிப் போய், சூடாகச் சோறு போட்டுக்கொண்டு வந்து, இரண்டு பேருக்குமாகச் சாப்பிட்டேன்.